அக்கினி மூலையும் அவள் முழங்கையும்

“இல்லத்தரசி” என்று பெண்ணுக்கு ஒரு பட்டம் சூட்டி மகிழ்கிறோம். அரசி என்றால் அரியணை இருக்க வேண்டுமே! தேடிப் பாருங்கள். திண்ணையில் இல்லை, முகப்பில் இல்லை, கூடத்தில் இல்லை. கொல்லைப்புறத்தை ஒட்டிய கடைசி அறையில், தலைமுறை தலைமுறையாகப் புகை ஏறிக் கறுத்த சுவர்களுக்கு நடுவே, குந்தியிருக்க ஒரு மணைப்பலகை கிடந்தது. அதுதான் அரியணை! ஊதுகுழல்தான் செங்கோல்! புகையால் பெருகிய கண்ணீர்தான் முத்தாரம்! நேற்றுவரை நம் வீடுகளில் நடந்த அரசாட்சி இதுதான்.

இன்று அந்த அறை மாறிவருகிறது. விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்தது. தரையில் குந்தியவள் எழுந்து நின்றாள். நின்றவளுக்கு மேடை வந்தது. மேடைக்குக் கீழே இழுப்பறையும், மேலே அலமாரியும் வந்தன. பெருநகரங்களில் “மாடுலர் கிச்சன்” என்ற பெயரில் தொடங்கிய இந்த மாற்றம், சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வீடு கட்டுவோர் கதவுக்கும் சன்னலுக்கும் கணக்குப் போடுவதுபோல் அடுக்களை அலமாரிக்கும் கணக்குப் போடும் காலம் இது.

மரவேலைதானே, இதில் பகுத்தறிவாளன் ஆராய என்ன இருக்கிறது என்று தோழர்கள் எண்ணலாம். இருக்கிறது. ஓர் அலமாரியை எந்த உயரத்தில் மாட்டுவது என்ற சின்னஞ்சிறு கேள்விக்குள் ஒரு பெரிய அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பொருள் யாருடைய அளவுக்குச் செய்யப்பட வேண்டும்? பணம் கொடுப்பவன் அளவுக்கா? பழைய ஏடு சொன்ன அளவுக்கா? அதன் முன்னே நின்று நாளெல்லாம் உழைப்பவள் அளவுக்கா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுப் பெருவீடுகள் எழுந்த ஊர்களின் வரிசையில் அதுவும் ஒன்று. அந்த வீடுகளின் புகழ் நாடறிந்தது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கிய தூண்கள். சிற்பியின் உளி நடனமாடிய நிலைக்கதவு. ஆனால் அந்த வீட்டை வாயிலிலிருந்து பின்கட்டுவரை நடந்து பாருங்கள். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. முன்னே செல்லச் செல்ல ஆண். பின்னே செல்லச் செல்ல பெண். வேலைப்பாடு மிகுந்த மரம் முன்னே. வேலை மிகுந்த மனிதர் பின்னே! விருந்தினர் கண் படும் தூணுக்கு ஆயிரம் செதுக்கல். வீட்டார் வயிற்றை நிரப்பும் அறைக்கு ஒரு மாடக்குழி, ஓர் உறி, ஒரு பரண்.

ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். அந்தச் சமூகத்தில் “வேறு வைத்தல்” என்றொரு வழக்கம் உண்டு. மணமான மகனையும் மருமகளையும் ஒரே பெருவீட்டுக்குள் தனி உலை வைத்துத் தனிக்கணக்கில் வாழவிடுவார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு “புள்ளி”. மாமியாரின் பெட்டிச்சாவிக்கு மருமகள் காலமெல்லாம் காத்துக்கிடக்க வேண்டிய நிலையை அது ஓரளவு தவிர்த்தது. கணக்கும் அறிவும் கலந்த ஏற்பாடு அது. ஆனால் அந்தத் தனி அடுப்பையும் ஊதியது யார்? அவள்தான். அடுப்பு பிரிந்தது, அடுப்பூதும் கடமை பிரியவில்லை.

இனி அடுக்களையின் வாயிலுக்கு வருவோம். அந்த நிலைப்படிதான் சாதியின் கோட்டைச் சுவர். கூடம்வரை வந்தவன் அடுக்களைக்குள் வரக்கூடாது. மாதத்தில் மூன்று நாள் அந்த வீட்டுப் பெண்ணே வரக்கூடாது. முப்பது நாளும் அவள் உழைப்பு வேண்டும். மூன்று நாள் அவள் நிழல் ஆகாது! அலமாரி செய்த தச்சனின் கதை என்ன? பலகை அறுத்தவன் அவன். இழைப்புளி தள்ளியவன் அவன். கீலும் பிடியும் பொருத்தியவன் அவன். அவன் கை படாத ஓர் அங்குலம்கூட அந்த அலமாரியில் இல்லை. வேலை முடிந்து கூலி வாங்கிய மறுநாள், அவன் அந்த அறைக்குள் கால் வைத்தால் தீட்டு என்று சொன்ன வீடுகள் உண்டு. அவன் செய்த பொருள் உள்ளே, அவன் வெளியே! கை தொட்டால் கெடாத மரம், கால் பட்டால் கெடும் தரை! இதற்கு எந்த நூலில் ஞாயம் இருக்கிறது?

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி என்றபோது தமிழகம் கொதித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உருண்டோடியது. 2018ஆம் ஆண்டில், திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஒரு கூட்டம் எதிர்த்து நின்றது. பானையின் உலோகம் மாறியது. பானையைப் பார்க்கும் கண் மாறவில்லை.

அடுத்து, மனையடி சாத்திரம். வீட்டுக்குத் தென்கிழக்கு மூலை அக்கினி மூலையாம். அங்கேதான் அடுப்பு இருக்க வேண்டுமாம். சமைப்பவள் கிழக்கு நோக்கித்தான் நிற்க வேண்டுமாம். அறையின் அகலம் இத்தனை அடி என்றால் செல்வம், ஓர் அடி கூடினால் வறுமை என்று பட்டியலும் உண்டு. “இது மூடத்தனம் அன்று, முன்னோர் கண்ட அறிவியல், புகை வீட்டுக்குள் வராமல் காற்று அடித்துச் செல்லும்” என்று இதற்குப் புது முலாம் பூசுவோரும் உண்டு.

ஆராய்வோம். தமிழ்நாட்டில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஆண்டுக்கு இருமுறை காற்றே தன் திசையை மாற்றிக்கொள்ளும்போது, மாறாத ஒரு மூலை எப்படி எல்லா மாதத்துக்கும் பொருந்தும்? கடற்கரை ஊருக்கும், மலையடி ஊருக்கும், எதிரே உயர்ந்த கட்டடம் நிற்கும் தெருவுக்கும் ஒரே மூலைதான் என்றால், அது காற்றைப் பார்த்துச் சொன்ன பேச்சாக இருக்க முடியுமா? புகையே இல்லாத எரிவாயு அடுப்புக்கும் அதே மூலைதான் என்று அடம்பிடிப்பது ஏன்?

அதைவிட முதன்மையான குறை ஒன்று. நெருப்புத் தேவன் எந்த மூலையில் அமர வேண்டும் என்று கவலைப்பட்ட அந்தச் சாத்திரம், நெருப்பின் முன்னே நிற்பவளின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு வரியாவது கேட்டதா? தேவனுக்குத் திசை பார்த்தவர்கள் பெண்ணுக்கு முதுகு இருப்பதைப் பார்க்கவில்லை. அளவுகோல் அவர்கள் கையில் இருந்தது. அளக்கப்பட வேண்டிய ஆள் அவர்கள் கண்ணில் படவில்லை!

அந்த ஆளை அளந்தவர் யார்? ஒரு பெண். ஆஸ்திரிய நாட்டில் 1897இல் பிறந்த மார்கரெட் ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். முதல் உலகப்போருக்குப் பின் செர்மனியில் தொழிலாளர் வீடில்லாமல் தவித்தனர். பிராங்பர்ட் நகராட்சி எர்ன்ஸ்ட் மே என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டியது. அந்த வீடுகளுக்கு 1926இல் லிகோட்ஸ்கி ஓர் அடுக்களையை வகுத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எத்தனை முறை குனிய வேண்டியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். தொடர்வண்டியின் சிற்றுண்டிப் பெட்டியில் சின்ன இடத்தில் பலருக்குச் சமைக்கிறார்களே, அந்த நுட்பத்தையும் ஆராய்ந்தார்.

அதன் விளைவைப் பாருங்கள். அரிசிக்கும் பருப்புக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள். உருவி அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் கருவாலி மரத்தில் இழுப்பறை. ஏனென்றால் அந்த மரத்தின் துவர்ப்பு மாவுப்புழுவை அண்டவிடாது. வெளிச்சம் விழும் சன்னலருகே காய் நறுக்கும் பலகை. உட்கார்ந்து வேலை செய்ய, ஏற்றி இறக்கும் முக்காலி. நீலம் கலந்த வண்ணத்தை ஈ நாடாது என்று அன்றைய ஆய்வாளர் கருதியதால் அலமாரிகளுக்கு அந்த வண்ணம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இந்த அடுக்களை அமைந்தது. உலகெங்கும் இன்று பரவியிருக்கும் பொருத்து அலமாரிகளுக்கு இதுவே முன்னோடி.

வியப்பு என்ன தெரியுமா? அதை வகுக்கும்வரை தாம் இல்லம் நடத்தியதும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று அந்த அம்மையாரே பின்னாளில் கூறியிருக்கிறார். சமையல் பெண்ணின் இரத்தத்தில் ஊறியது என்று பேசுவோர் இதைச் செவியில் வாங்கட்டும். அவருக்கு உதவியது இரத்தம் அன்று, அறிவு. நாசிகளை எதிர்த்து மறைவில் பணியாற்றியதற்காக 1941இல் சிறைப்பட்டு, 1945இல்தான் விடுதலை பெற்றார் அவர். 2000ஆம் ஆண்டில், தம் 103ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு மறைந்தார். அலமாரிக்கு அளவெடுத்த கை, கொடுங்கோன்மைக்கு எதிராகவும் உயர்ந்த கை.

அந்த அறிவை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. அவள் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், அது தரையிலிருந்து சுமார் 96 செ.மீ. உயரத்தில் இருக்கும். வேலை செய்யும் பரப்பு முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோளும் முதுகும் நோகா. ஆகவே அவளுக்கு ஏற்ற மேடையின் உயரம் 81 முதல் 86 செ.மீ. வரை. ஆனால் அமெரிக்க அளவு 36 அங்குலம். அதாவது 91 செ.மீ. அதை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் என்ன ஆகும்? அவள் தோளைத் தூக்கியபடியே நாளெல்லாம் நிற்க வேண்டும். அதன்மேல் அடுப்பு வேறு! அடுப்பின் உயரம், அதன்மேல் குழம்புச் சட்டியின் உயரம். கரண்டி பிடித்த கை கழுத்துவரை ஏறும். ஆகவே அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் சற்றேனும் தாழ்த்திக் கட்டுவதே அறிவு. மாவு பிசையும் இடமும் சற்றுத் தாழ்ந்திருக்கலாம். அழுத்தித் தள்ளும் வேலை அது.

கீழ் அலமாரியின் ஆழம் 60 செ.மீ.; மேல் அலமாரியின் ஆழம் 30 செ.மீ. போதும். மேலதும் ஆழமாக இருந்தால் நெற்றியில் இடிக்கும். கீழ் அலமாரிக்கு அடியில் 10 செ.மீ. உயரமும் 7 செ.மீ. ஆழமும் கொண்ட ஓர் உள்வாங்கல் வேண்டும்; கால்விரல் நுழைய இடம் இருந்தால்தான் உடல் மேடையை ஒட்டி நிற்கும். இல்லையெனில் முதுகு வளையும். கதவு வைத்த அலமாரியைவிட இழுப்பறை மேல். குனிந்து, மண்டியிட்டு, பின்வரிசையில் ஒளிந்த டப்பாவைத் துழாவ வேண்டியதில்லை. அவள் கை எட்டும் எல்லை சுமார் 180 செ.மீ.; நாள்தோறும் எடுக்கும் பொருளை அதற்குமேல் வைப்பது அவளை நாற்காலியில் ஏற்றி விழச்செய்யும் சூழ்ச்சி. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பொருள் இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்தின் மொத்தச் சுற்று 26 அடிக்கு மிகக்கூடாது என்பது அமெரிக்க ஆய்வாளர் கண்ட முடிவு.

பலகையிலும் அறிவு வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சாதாரண ஒட்டுப்பலகை ஊறி உப்பிவிடும்; அங்கே கொதிநீரையும் தாங்கவல்ல 710 எண் தரம் பெற்ற பலகைதான் நிற்கும். அறுத்த விளிம்பையெல்லாம் மூடி ஒட்ட வேண்டும். ஈரமும் கரையானும் நுழைவது அந்த வழியாகத்தான். கைதேர்ந்த தச்சர் இன்னொன்றும் சொல்வார்: மேல்பூச்சுத் தகட்டைப் பலகையின் வெளிப்புறம் மட்டும் ஒட்டாதே, உட்புறமும் ஒட்டு. ஒரு புறம் மட்டும் ஒட்டினால் பலகை நாளடைவில் வளைந்துவிடும், கதவு மூடாது.

தச்சர் அறிந்த இந்த உண்மையை நம் குடும்பத் தலைவர்கள் அறியவில்லையே! வீட்டு வேலையின் பாரத்தை ஒரு பக்கம் மட்டும் ஏற்றிவைத்தார்கள். வளைந்தது அவள் முதுகு. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். அப்படி ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம், விடுமுறையில்லாமல், ஓய்வூதியமில்லாமல்!

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: “அழகான அடுக்களை கட்டிக் கொடுத்தால் அவள் இன்னும் அதிகமாக அதற்குள்ளேயே கட்டுண்டு கிடக்க மாட்டாளா? கூண்டுக்குத் தங்க முலாம் பூசுவதா விடுதலை?” புறக்கணிக்க முடியாத கேள்வி. பிராங்பர்ட் அடுக்களை மீதே இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. ஒருவர் மட்டும் நிற்கும்படி அதை அவ்வளவு சிறிதாக அமைத்ததால், கணவனோ பிள்ளையோ உள்ளே வந்து கைகொடுக்க இடமில்லாமல் போயிற்று என்று பிற்காலப் பெண்ணுரிமையாளர் குறை கூறினர். அதற்கும் முன்னே, 1898இலேயே, அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற அம்மையார், வீட்டுக்கு வீடு அடுக்களையே வேண்டாம், சமையல் பொதுத்தொழிலாகட்டும் என்று வாதாடினார்.

ஆனால், “முழு விடுதலை வரும்வரை முதுகுவலியோடு இரு” என்று ஒருத்தியிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? சிறைக்கதவு உடையட்டும் என்று போராடுவோம். அதுவரை சிறைக்குள் காற்று வர வேண்டாம் என்று சொல்வோமா? இன்றைய வேதனையை இன்றே குறைப்பது கடமை. அதேபோல், வேதனை குறைந்ததையே விடுதலை என்று எண்ணி ஏமாறாதிருப்பதும் கடமை.

இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கிடைக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறியக் கூடிய பெண்கள் மிதிவண்டியும் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்ணும் வயலில் உழைக்கும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஏறினர். ஊர் ஏளனம் செய்தது, அவர்கள் மிதித்தனர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். முன்னேயுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. மிதிவண்டியும் ஒரு கருவி. அலமாரியும் ஒரு கருவி. மிதிவண்டியைப் பார்த்து நாம் கேட்கும் கேள்வியையே அலமாரியைப் பார்த்தும் கேட்போம்: இந்தக் கருவியால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சேர்கிறது? மிச்சமான ஒரு மணி நேரத்தில் அவள் நூல் படித்தாளா, தொழில் கற்றாளா, ஊர்க் கூட்டத்தில் பேசினாளா, உறங்கினாளா? அப்படியானால் அந்த அலமாரி விடுதலையின் பக்கம். அந்த ஒரு மணி நேரத்துக்கும், “வசதிதான் செய்து கொடுத்துவிட்டேனே, இன்னும் இரண்டு பலகாரம் செய்” என்று ஆணை வந்ததா? அப்படியானால் அது பளபளக்கும் விலங்கு.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்த அடுக்களையில் இருவர் நிற்க இடம் இருக்கிறதா? எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டு ஆணுக்குத் தெரியுமா? அறையைக் கட்டும்போதே இருவருக்கும் இடம் விட்டுக் கட்டுங்கள். மேடையின் ஒரு பகுதி அவள் உயரத்துக்கு, மறு பகுதி அவன் உயரத்துக்கு. இதைச் சொன்னால் நகைப்பவர் உண்டு. உணவு விடுதிகளில் ஊதியம் கிடைக்கும் அடுப்பின் முன் ஆண் நிற்கிறானே, அப்போது போகாத ஆண்மை வீட்டு அடுப்பின் முன் மட்டும் போய்விடுமா?

அடுப்பு வீட்டைவிட்டு வெளியேறவும் முடியும் என்பதைத் தமிழகமே காட்டியிருக்கிறது. 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிறுவர்க்கு உணவளித்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு விரிந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஊர்க் குழந்தைகளுக்கு ஓரிடத்தில் உலை கொதிக்கும்போது, நூறு வீடுகளில் நூறு தாய்மார் அந்த ஒரு வேளைப் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார்கள். ஒரே பந்தியில் சாதி கரைய வழி பிறக்கிறது. சமைக்கும் பெண்ணுக்கு ஊதியமும் கிடைக்கிறது. அந்த ஊதியம் உயர வேண்டும், அந்தக் கூடங்களின் மேடையும் அவள் முழங்கைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பது நம் அடுத்த கோரிக்கை.

முடிவாக ஒன்று. அடுக்களையை எப்படி அமைப்பது என்று முடிவு செய்பவர் யார்? வீடு யார் பெயரிலோ அவர்! பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு 1929இல் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது ஆண்டு ஆயிற்று, 1989இல்தான் வந்தது. மனைப்பத்திரத்தில் அவள் பெயர் ஏறாதவரை, மேடையின் உயரமும் இன்னொருவர் அருளிய சலுகையாகவே இருக்கும். சலுகை நாளை பறிபோகும், உரிமை நிலைக்கும்.

இளைஞர்களே, நாளை நீங்கள் வீடு கட்டுவீர்கள். தச்சர் அளவுநாடாவோடு வருவார். அவருக்கு முதலில் நாற்காலி போடுங்கள், அடுக்களைக்குள்ளேயே போடுங்கள், வீட்டார் குடிக்கும் குவளையிலேயே தண்ணீர் கொடுங்கள். சாத்திர ஏட்டைப் பரணில் போடுங்கள். பிறகு, அந்த அறையில் உழைக்கப்போகும் ஒவ்வொருவரையும் அழைத்து நிறுத்துங்கள், நீங்களும் நில்லுங்கள். முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். நாடா அங்கிருந்து தொடங்கட்டும்.